அதே செய்தியை அவனும் படிக்கிறான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெண்களுக்கான உதவி எண்ணில் அழைப்புகளை எடுத்துப் பேசும் ஆலோசகர் நான். மனைவியைக் கொன்ற கணவனைப் பற்றிய செய்தி பெரிதாக வரும் நாட்களில் எங்களுக்கு ஒரு மாதிரியான அழைப்புகள் வரும். "பேப்பரை என் முன்னால போட்டு, எதிர்த்துப் பேசினவளுக்கு என்ன ஆச்சுன்னு படிச்சுப் பாருங்கறாருங்க" என்றார் ஒரு பெண். குசுகுசுவென்றுதான் பேசினார். கதவுச் சத்தம் கேட்டதும் "சரிக்கா, புடவை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கைதானவன் விசாரணையில் சொன்னது அப்படியே செய்தியாகிவிடுகிறது. நடத்தையில் சந்தேகமாம், ஆத்திரத்தில் தாக்கினானாம். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்? எந்த ஆயுதம், எத்தனை வெட்டு என்பதற்கெல்லாம் தாராளமாக இடம் இருக்கிறது. அவள் முன்பே புகார் கொடுத்தாளா, கொடுத்த புகார் என்ன ஆனது, பிறந்த வீட்டில் எத்தனை தடவை சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

2023-இல் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 140 பேர். இவற்றில் பலவற்றுக்கு முன்னறிகுறி இருந்திருக்கும். மனைவியின் கழுத்தை ஒரு முறை நெரித்தவன் பின்னாளில் அவளைக் கொல்லும் அபாயம் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எங்களிடம் பேசுகிறவர்களோ அதை "கோபத்துல கழுத்தைப் பிடிச்சார்" என்று போகிற போக்கில் சொல்வார்கள். நாங்கள் அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி கேட்போம். பிரிந்து போக முடிவெடுக்கும் நேரமும் அப்படித்தான், ஆபத்து அப்போது கூடும். இதையெல்லாம் கொலைச் செய்தியோடு ஒரு பெட்டியில் போட்டால், அதே நிலையில் இருக்கும் இன்னொருத்தி சுதாரித்துக்கொள்வாள்.

பாதிக்கப்பட்ட சிறுமிகளைப் பற்றிய செய்திகளில் இன்னொன்று. பெயரை மாற்றிவிட்டு, படிக்கும் வகுப்பு, அப்பாவின் தொழில், தெரு எல்லாவற்றையும் எழுதினால் என்ன மறைத்த மாதிரி?

உதவி எண்ணை, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 சிறப்புப் பக்கத்தில் மட்டும் போடாமல், இத்தகைய ஒவ்வொரு செய்தியின் அடியிலும் போடுங்கள். வெறும் எண் போதாது. அழைக்கிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "இது போலீசுக்குப் போயிடுமா?" என்பதுதான். பெயர் சொல்ல வேண்டியதில்லை, புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்த மாட்டோம், பேசிக்கொண்டிருக்கும்போது அவன் வந்துவிட்டால் சட்டென்று வைத்துவிடலாம் என்று எங்கள் சேவையில் சொல்வோம். உங்கள் பகுதி உதவி மையத்தில் என்ன நடைமுறை என்று கேட்டு, அதை இரண்டு வரியில் எண்ணோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
உதவி எண் ஆலோசகர்