தீர்த்தன் ஆற்றங்கரை அண்ணனுக்கு நன்றி

இமாச்சலின் தீர்த்தன் ஆற்றில் ட்ரௌட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கும் நுணுக்கத்தைப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்து, பெயரும் சொல்லாமல் போன அண்ணனுக்கு நன்றி. ஏப்ரலில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் நீர் கலங்கிவிடும். காலையிலேயே தூண்டிலை வீசிவிட வேண்டும். குளிர்நீரில் மீன் பெரும்பாலும் பாறை மறைவில், ஆற்றின் அடியை ஒட்டி ஒதுங்கி நிற்கும். ஆகவே ஈ போலச் செய்த, நீர்மேல் மிதக்கும் தூண்டில் வேண்டாம். மூழ்குவதற்காகக் கனமான டங்ஸ்டன் மணி கோத்த 14ஆம் எண் நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலச் செய்த தூண்டில்), அதற்கு மேலே நீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் மிதவை. வீசியதும் லைனின் வளைவை நீர் வரும் பக்கமாகப் புரட்டிப் போடணும். இல்லையென்றால் நடு ஓட்டம் லைனை இழுத்து, நிம்ஃப் நீரைவிட வேகமாக ஓடும், ட்ரௌட் சீண்டாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மீன் நழுவாமல் இருக்கத் தூண்டில் முனையில் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கித் தந்ததற்கும், கையை நனைத்தே மீனைத் தொடச் சொன்னதற்கும் தனி நன்றி: உலர்ந்த கை பட்டால் மேல்வழவழப்பு உரிந்து, திரும்ப ஆற்றில் விட்ட மீனுக்குப் பூஞ்சை பிடிக்கலாம்.