எண்ணெயோடு வரும் தண்ணீர்

பேர்கன், நோர்வே

அன்புள்ள சிவம்,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கொம்பனியில் வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். பின்மார்க் மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று கொட் மீன் வெட்டிய எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். குளிர் வந்தால் எனக்கு இன்னும் நாரி நோகிறது, மற்றப்படி சுகம்.

எண்ணெய் கொட்டாதவரை கடலுக்குக் கேடில்லை என்று எழுதியிருந்தாய். என்னால் அதை ஏற்க முடியவில்லை, மச்சான். கிணற்றிலிருந்து எண்ணெயோடு தண்ணீரும் வரும். கிணறு பழசாகப் பழசாகத் தண்ணீர்தான் கூடும். எண்ணெயைப் பிரித்தெடுத்துவிட்டு அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியைக் கடலில் விடுகிறார்கள். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. ஆனால் அது துளித்துளியாக மிதக்கும் எண்ணெய்க்குத்தான். தண்ணீரில் கரைந்து கிடக்கும் அல்கைல்பீனோல் என்ற இரசாயனங்கள் அந்தக் கணக்கில் வராது.

அவற்றில் சில, மீனின் உடம்பில் பெண் ஹோர்மோன் போல வேலை செய்யும். இங்குள்ள கடலாய்வு நிறுவனத்தார் அதைத் தீவனத்தோடு கொட் மீனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. ஆண் மீன்களில் விந்தணு குறைந்திருந்தது. பெண் மீன்களில் முட்டை சரியாக முதிரவில்லை. முட்டையிடுவது 17 முதல் 28 நாள் பிந்தும் என்று கணித்தார்கள்.

இந்தப் பிந்தல்தான் எனக்குப் பயம். கொட் மீன் பங்குனி, சித்திரையில் முட்டையிடுவது காரணத்தோடுதான். குஞ்சு பொரித்து மஞ்சட்கரு தீரும் நேரத்தில், கடலில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் பெருகியிருக்கும். மூன்று கிழமை பிந்திய குஞ்சு, பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளிதான். செத்து மிதக்கும் மீனை யாரும் படம் பிடிக்கலாம். பட்டினியில் போன குஞ்சை யார் காண்பது?

தண்ணீர் விடும் குழாயிலிருந்து ஓரிரு கிலோமீற்றர் தாண்டினால் செறிவு நன்றாகக் குறைந்துவிடும், மீன்வளம் முழுதுக்கும் பாதிப்பென்று யாரும் நிறுவவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வடகடலிலுள்ள தம்பென் எண்ணெய் வயல்களைச் சுற்றிப் பிடித்த ஹடொக் மீன்களின் ஈரலில் டி.என்.ஏ. சேதத்தைக் கண்டிருக்கிறார்கள். அது தொட்டியில் வளர்த்த மீனல்ல. கொட் மீன் திரண்டுவந்து முட்டையிடும் லோபோத்தன் கடலையாவது எண்ணெய் எடுக்க இன்னும் திறந்துவிடாமல் வைத்திருக்கிறார்களே, அதில் எனக்கு ஆறுதல்.

சில வயல்களில் அந்தத் தண்ணீரைத் திரும்பவும் நிலத்தடிப் பாறைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். மகன் வேலைக்குப் போனதும், தங்கள் வயலில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதச் சொல். வீட்டில் எல்லோருக்கும் அன்பு. கோடை விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
ராசன்