காத்தாடி ஏறுற கரையில ஒரு படகு நிக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாம்பன் பக்கத்து ஆளு. அப்பா, தாத்தா எல்லாம் தொழிலுக்கு கடலுக்கு போனவங்க, நானும் பள்ளிக்கூடம் முடிச்சதும் கொஞ்ச நாள் நாட்டுப்படகுல போயிருக்கேன், அப்புறம் இந்த கைட்போர்டிங் கத்துக்கிட்டு இப்போ பத்து வருஷத்துக்கு மேல அதுலயே கெடக்குறேன். உங்க பேப்பர்ல ராமேஸ்வரம் கடல் பத்தி ஏதாவது ஒரு செய்தி வராத வாரம் இல்ல, ஆனா காத்த நம்பி கடல்ல எறங்குற எங்கள பத்தி யாரும் எழுதுறதில்ல, அதனாலதான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்காக சொல்லிடுறேன். கைட்போர்டிங்னா பெரிய காத்தாடி ஒண்ண இடுப்புல மாட்டுன ஹார்னஸோட சேத்து கட்டிக்கிட்டு, கால்ல ஒரு பலகைய வச்சு தண்ணி மேல ஓடுறது. விண்ட்சர்ஃபிங்னா பலகையிலயே பாய் நட்டிருக்கும், கையால பிடிச்சு ஓட்டணும். எங்க ஊர் பெருசுங்களுக்கு இது ரெண்டுமே புதுசு இல்ல, இஞ்சின் வர்றதுக்கு முன்னாடி அவங்க வத்தைங்கற சின்ன படகுல பாய் கட்டி ஓடுனவங்கதான், அதனால எங்கள பாத்தா "காத்தாடிக்காரன்"னு கூப்பிட்டாலும் காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு அவங்களே முதல்ல வந்து சொல்லுவாங்க. விண்ட்சர்ஃபிங் 1984லயே ஒலிம்பிக்ல சேந்துடுச்சு, கைட் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வந்துச்சு, 2023ல ஹாங்சோ ஆசிய போட்டியில நம்ம நாட்டு இபாத் அலி விண்ட்சர்ஃபிங்ல வெண்கலம் வாங்குனாரு. பணக்காரங்க பொழுதுபோக்குன்னு ஒதுக்கி வைக்காதீங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். இன்னைக்கு கைட் சொல்லிக்குடுத்து சம்பளம் வாங்குற பசங்கள்ல எங்க மாதிரி கடற்கரை வீட்டுப் பிள்ளைங்களும் இருக்காங்க.

ராமேஸ்வரம் தீவோட அமைப்பு அப்படி. தனுஷ்கோடி வரைக்கும் ஒரு வால் மாதிரி நீண்டு போகுது, தெக்கு பக்கம் மன்னார் வளைகுடா, வடக்கு பக்கம் பாக் விரிகுடா, நாங்க தென்கடல் வடகடல்னும் ஆண்கடல் பெண்கடல்னும் சொல்லுவோம். வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் மேற்கு, தெற்கு பக்கத்துல இருந்து கச்சானும் சோழகமும் அடிக்கும், மார்கழி தை மாசியில வடக்க இருந்து வாடைக் காத்து. ஒரு பக்கம் அலை எழும்புனா மறுபக்கம் தண்ணி தட்டு மாதிரி கெடக்கும், புதுசா கத்துக்குறவனுக்கு அந்த தட்டு தண்ணிதான் வேணும். அக்கரையில இலங்கை கல்பிட்டிக்கு இதே காத்துக்காக ஐரோப்பாவுல இருந்து ஆள் வந்து மாசக்கணக்குல தங்குறாங்க, நம்ம கரையும் அதுக்கு ஒண்ணும் கொறஞ்சது இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்த தட்டு தண்ணிதான் ஆபத்தும். தென்மேற்கு காத்து அடிக்கிறப்ப வடகடல் பக்கம் எறங்குனா காத்து கரையில இருந்து கடல பாத்து அடிக்குது, அலையே இல்லாம ரொம்ப சாதுவா தெரியும், ஆனா கைட் கெட்டுப்போச்சுன்னா திரும்பி வர வழி கெடையாது, நேரா நடுக்கடலுக்குத்தான் தள்ளும். வாடை காலத்துல தென்கடல் பக்கம் அதே கதை. தனுஷ்கோடி முனையில இருந்து தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்தான், நடுவுல எல்லைக்கோடு, அந்த கோட்ட தாண்டுனா என்ன ஆகும்னு எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும், படகோட பிடிபட்டு மாசக்கணக்குல ஜெயில்ல கெடந்துட்டு வந்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. கையில ஒரு காத்தாடியோட மிதந்து போறவன மட்டும் காத்து எல்லை தெரிஞ்சா நிறுத்தி வைக்கும்?

எனக்கே நடந்துச்சு. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆடி மாசம், நல்ல காத்து, வடகடல்ல எறங்கிட்டேன், கூட ஒரு பையன் மட்டும் கரையில. அரை மணி நேரம் கழிச்சு ஒரு பக்கத்து லைன், அதாவது கைட்ட பிடிக்கிற கயிறு, அறுந்து கைட் சுத்த ஆரம்பிச்சுது, கைட்டோட இழுவைய விடுவிக்கிற குயிக் ரிலீஸ இழுத்து விட்டேன், கத்துக்குடுத்த மாதிரியே லைன சுருட்டி கைட்ட பிடிச்சுக்கிட்டேன், எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ஆனா காத்து வெளிய பாத்து அடிக்கிறப்ப அது எல்லாம் மூழ்காம இருக்கத்தான் உதவும், கரைக்கு கொண்டு வராது. கரையில இருந்த பையன் சின்னதாகி சின்னதாகி புள்ளியாகி அப்புறம் தெரியவே இல்ல. ரெண்டு மணி நேரம். நண்டு வலை எடுக்க வந்த ஒரு ஃபைபர் படகு தற்செயலா அந்தப் பக்கம் வந்ததாலதான் இன்னைக்கு இத எழுதுறேன். படகுல இருந்த பெரியவர் என்ன தூக்கிப் போட்டதும் கேட்ட மொத கேள்வி, "கச்சான் அடிக்கிறப்ப வடகரையில எறங்குறியேடா, உன் அப்பன் உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலயா"ன்னு. அப்பா சொல்லித்தான் குடுத்திருந்தாரு. கைட் கையில இருக்கு, திரும்பிடலாம்னு நினைச்சேன், தப்பு என்னோடது. பணம் குடுக்கப் போனப்ப அவரு கோவிச்சுக்கிட்டாரு.

அன்னைக்கு அந்தப் படகு இருந்துச்சு. எல்லா நாளும் இருக்குமான்னா இருக்காது, இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. காத்து பலமா இருக்குன்னா மீன்வளத்துறை கடலுக்கு போக அனுமதி டோக்கன் குடுக்காது, விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், கச்சான் ஏறி வர்ற நேரமும் அதுதான். அதாவது எங்களுக்கு காத்து தோதா இருக்குற நாள்லதான் கடல்ல படகு கம்மி. எங்கள தூக்குறதுக்கு பக்கத்துல ஆளே இல்லாத நேரமா பாத்து நாங்க எறங்குறோம், இத யோசிச்சு எந்த ஏற்பாடும் இதுவரைக்கும் எங்க கரையில நான் பாக்கல. பாம்பன்ல புயல் எச்சரிக்கை கூண்டு ஏத்துனா நாங்களும் எறங்குறது இல்ல, அது வேற. நான் சொல்றது கூண்டு ஏத்தாத சாதாரண காத்து நாள்.

ஏற்பாடுன்னு பாத்தா இப்போ நடக்குறது ஒண்ணுதான், யாராவது வந்து "இங்க எறங்காத, போ"ன்னு விரட்டுறது. ஒரு நாள் சீருடை போட்டவரு, இன்னொரு நாள் கரையோரம் சுவர் எழுப்புன ஒரு விடுதிக்காரங்க, சின்ன வயசுல இருந்து நாங்க நடந்து போன பாதையில கேட் போட்டு பூட்டிட்டாங்க, மீன் கூடை தூக்கிட்டு போற அக்காமாரும் இப்போ சுத்தித்தான் போறாங்க. விரட்டுனா என்ன ஆகுதுன்னா பாதுகாப்பா எறங்கக்கூடிய கரைய விட்டுட்டு ஆள் நடமாட்டம் இல்லாத கரையா தேடிப் போறாங்க பசங்க, அங்க செல்போன் சிக்னல் இருக்காது, பக்கத்துல வீடு இருக்காது, கரண்ட் கம்பி எங்க போகுதுன்னு கூட தெரியாது. கைட் லைன் 20, 24 மீட்டர் நீளம், காத்து போற பக்கம் 50 மீட்டராவது காலியா இருக்கணும், கம்பியோ பாறையோ ஆளோ இருந்தா ஒரே நொடியில உயிர் போயிடும். கரைய மூடுறதால ஆபத்து எங்கயும் குறையல, எடம் மாறி கண்ணுக்கு தெரியாம போகுது.

அதே நேரம் எங்க பக்கம் இருக்குற தப்பையும் சொல்லியாகணும். வெளியூர்ல இருந்து வர்ற சில பேரு கரைவலை இழுக்குற இடத்துக்கு நடுவுல கைட் ஏத்துறாங்க. இருபது முப்பது பேரு கயிறு பிடிச்சு இழுத்துட்டு இருக்கறப்ப அவங்க தலைக்கு மேல லைன் போனா யாருக்குத்தான் கோவம் வராது, அந்த லைன் இறுகுனா கத்தி மாதிரி வெட்டும். கடல்பாசி வளக்குற மூங்கில் தெப்பங்களுக்கு நடுவுல போர்டு ஓட்டி கயிற அறுத்து விட்டா அது ஒரு பொம்பளையோட பல வார உழைப்பு. நண்டு வலை மிதவைய பாக்காம போயி பலகைக்கு அடியில இருக்குற ஃபின் சிக்கிக்கிட்டா வலையும் போச்சு, இவனுக்கும் ஆபத்து. அப்புறம் மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986லயே தேசியப் பூங்காவா அறிவிச்சது, பவளப்பாறை இருக்குற எடம், அனுமதி இல்லாம அங்க கால் வைக்கக் கூடாது, ஃபோட்டோவுக்காக எறங்குறவங்கள நானே கண்டிச்சிருக்கேன். தனுஷ்கோடி பக்கம் பூநாரைக்குன்னு 2025ல சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. கைட் நெழல் மேல விழுந்தா பறவைக்கு அது பருந்து மாதிரிதான், கூட்டமா பறந்து ஓடும், இரை எடுக்க விடாம திரும்பத் திரும்ப எழுப்பி விட்டா எப்படி அது தாங்கும். வாடை காலத்துல பறவை எறங்குற தண்ணிய அதுக்கு விட்டுடணும், இதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, எங்களுக்கு வேற தண்ணி இருக்கு.

ஆகையால நான் கேக்குறது இதுதான். தீவுல ரெண்டு கரையிலயும் காத்துக்கு தகுந்த மாதிரி சில எடங்கள ஊர்க்காரங்க கிட்ட கேட்டு குறிச்சுக் குடுங்க, படகு அணையுற எடம், கரைவலை எடம், பாசி எடம், பறவை எடம் எல்லாம் விட்டுட்டு மிச்சத்துல நூறு மீட்டர் அகலம் இருந்தா கூட போதும். அங்க தமிழ்ல பெருசா ஒரு போர்டு, இன்னைக்கு காத்து எந்தப் பக்கம், எங்க வரைக்கும் போகலாம், எந்தக் கரையில இன்னைக்கு எறங்கவே கூடாதுன்னு தினம் எழுதுறதுக்கு ஒரு ஆளு. கடல்ல நாலு மிதவை. கைட் மேல ஏறி இருக்குற நேரம் முழுக்க ஒரு ஃபைபர் படகு இஞ்சினோட தயாரா நிக்கணும், அத ஓட்டுறது அந்த ஊர் மீனவரா இருக்கணும், கூலிய கைட் சொல்லிக்குடுக்குற பள்ளிங்களும் எறங்குற நாங்களும் குடுக்கணும், அரசாங்கம் குடுக்கணும்னு நான் சொல்லல. டோக்கன் இல்லாத நாள்ல வீட்டுல சும்மா இருக்குற ஒருத்தருக்கு அன்னைக்கு சம்பளமும் ஆச்சு. அந்த நாள்ல மீட்புப் படகு மட்டும் கரையோரம் நிக்க அனுமதி வேணும், அத அதிகாரிங்கதான் குடுக்க முடியும், நாங்களா செய்ய முடியாது.

இன்னொண்ணு சின்ன விஷயம், ஆனா எங்க கடலுக்கு ரொம்ப முக்கியம். ஒவ்வொருத்தரும் அவங்க கைட்லயும் போர்டுலயும் பேரும் ஃபோன் நம்பரும் அழியாத மையில எழுதி வைக்கணும். எல்லைப் பக்கத்து கடல், ஆள் இல்லாம ஒரு போர்டு மிதந்து வந்தா கடற்படையும் மெரைன் போலீசும் சந்தேகப்படுவாங்க, அது அவங்க வேலை. நம்பர் இருந்தா ஒரு ஃபோன்ல முடிஞ்சுடும், இல்லன்னா கரைக்கு பத்திரமா வந்து டீ குடிச்சுட்டு இருக்குறவன தேடி ராத்திரி முழுக்க படகு அலையும். எறங்கறப்ப எத்தன பேரு, ஏறறப்ப எத்தன பேருன்னு ஒரு நோட்டு. விசில், லைஃப் ஜாக்கெட், லைன் வெட்டுற கத்தி. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்பு போலீசுக்கு 1093, இந்த ரெண்டு நம்பரும் கரையில பெயிண்ட்ல எழுதி இருந்தா சுற்றுலா வந்து குளிக்கிறவங்களுக்கும் சேத்துத்தான் பிரயோஜனம்.

கத்துக்க நினைக்கிற பிள்ளைங்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையும் பாயும் மிதக்கும், அத விட்டுட்டு நீந்தி கரைக்கு வரப் பாக்காதீங்க, அத பிடிச்சுக்கிட்டு கெடந்தாத்தான் தேடி வர்றவங்க கண்ணுக்கு படுவீங்க. தனியா எறங்காதீங்க. யூடியூப் பாத்து கைட் வாங்காதீங்க, செகண்ட் ஹாண்ட்ல மலிவா கெடைக்குதுன்னு பழைய லைனோட எறங்காதீங்க, எனக்கு அறுந்ததும் அப்படி ஒரு பழைய லைன்தான்.

மாவட்ட நிர்வாகம், மீன்வளம், வனத்துறை, மெரைன் போலீஸ், ஊர் மீனவர் சங்கம், அஞ்சு பேரையும் ஒரே நாள் ஒரு மேசையில உக்கார வச்சா இது ஒரு மத்தியானத்துல பேசி முடிக்கிற விஷயம். எங்கள தனித்தனியா ஒவ்வொரு ஆபீஸுக்கும் அனுப்புனா ஒருத்தர் இன்னொருத்தர கை காட்டுறாங்க, போன வருஷம் நான் நாலு எடத்துக்கு மனு எடுத்துட்டு அலைஞ்சேன். வர்ற வைகாசியில கச்சான் கெளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கூட்டத்த கூட்டணும்னு உங்க பேப்பர் வழியா கேட்டுக்குறேன். என்ன தூக்குன அந்த பெரியவர் இப்போ தொழிலுக்கு போறது இல்ல, முட்டு வலி, ஆனா அப்படி ஒரு படகு நிறுத்துனா காத்து பாத்து சொல்ற வேலைக்கு நான் வர்றேன்டான்னு சொல்லி இருக்காரு.

இப்படிக்கு,
பாம்பன் வாசகர் ஒருவர்