ஒரு கதவுள்ள வீடு

ஸ்காபரோ,
பெப்ரவரி 2025

அன்பு மச்சான் குலத்துக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். பிரஷர்க் குளிசையை ஒழுங்காய்ப் போட்டால் நீயும் சுகமாய்த்தான் இருப்பாய். மூத்தவள் வேலை மாறிவிட்டாள், சின்னவன் இன்னும் கல்கரியிலை, வதனிக்கு முழங்கால் நோ. ஊர்ப் புதினமெல்லாம் உன்ரை வட்ஸ்அப் குரலிலை வருது, நீ இருமுறதோடை சேர்த்து. இந்த விசயத்தை நான் குரலிலை அனுப்பேலாது. வதனி குசினிக்குள்ளை நிக்கிறா, இந்த வீட்டு உள்சுவரெல்லாம் மட்டைச் சுவர். அதாலைதான் கடிதம்.

நான் வீட்டை வித்துப்போட்டு ரொறன்ரோ டவுன்ரவுனிலை ஒரு லொஃப்ட், அதுதான் உள்சுவரில்லாமல் ஒரே வெளியாய்க் கிடக்கிற வீடு, வாங்கப் பாக்கிறன். சிரி. சிரிச்சு முடிச்சுப்போட்டு மிச்சத்தை வாசி.

எல்லாம் மூத்தவளாலை வந்த வினை. தன்ரை கூட்டாளிப் பெட்டையின்ரை குடிபூரலுக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள். நூறு வருசம் தாண்டின ஃபக்டரி மச்சான். சுவர் முழுக்கச் செங்கல், பூச்சே இல்லை. தூணும் தீராந்தியும் பழைய மரம், தூணிலை பெரிய பெரிய இரும்பு ஆணி அடிச்ச அடையாளம் அப்பிடியே கிடக்குது. முகடு பதின்மூண்டு அடி. யன்னலுக்குள்ளாலை ஒரு லொறியே வரலாம். குசினி, சாப்பாட்டு மேசை, ஆக்கள் இருக்கிற இடம் எல்லாம் ஒரே வெளி. படுக்கிறதுக்கு மேலை ஒரு தட்டு, ஏறப் படி. அந்த முழு வீட்டிலையும் கதவு ஒண்டுதான். அது கக்கூசுக்கு.

நான் தூணிலை கையை வைச்சவன் எடுக்கேல்லை. வதனி வந்து, “என்ன, தேர்முட்டியிலை நிக்கிறியளோ?” எண்டு கேட்டா.

அதுக்குப் பிறகு எனக்கு இதே வேலை. பொழுதுபட்டால் கொம்பியூட்டருக்கு முன்னாலை. உனக்கும் கொஞ்சம் வகுப்பெடுக்கிறன், கேள். பழைய தொழிற்சாலையை மாத்தி வீடாக்கினால் அதுக்குப் பேர் ஹார்ட் லொஃப்ட். புதுசாய்க் கட்டிப்போட்டு, கொங்கிறீற்றைப் பூசாமல் விட்டு, குழாயெல்லாத்தையும் வெளியிலை காட்டிக்கொண்டு நிண்டால் அது சொஃப்ட் லொஃப்ட். ரெண்டாவது சாமானை எனக்குக் காட்டவே வேண்டாமெண்டு ஏஜென்ட் பொடியனுக்குச் சொல்லிப்போட்டன். பழசு மாதிரி வேசம் போட்ட புதுசுக்கு நான் ஏன் காசு குடுக்க?

89இலை நீயும் நானும் ஸ்படைனாப் பக்கம் இரவு வேலைக்குப் போன கட்டடத்தை நினைச்சுப் பார். மணிக்கு ஐஞ்சு டொலர். கக்கூசுக்குப் போனாலும் மணிக்கூட்டைப் பாக்கிற அந்தச் சூபவைசர். அந்தக் கட்டடம் இப்ப இல்லை, கண்ணாடிக் கோபுரம் நிக்குது. ஆனால் அதின்ரை சகோதரங்கள் கனக்க மிஞ்சி நிக்குதுகள். லேக்ஷோரிலை ரிப் ரொப் ரெய்லர்ஸ் 1929இலை கட்டின பெரிய கட்டடம் தெரியுமே, கோட்டுச் சூட்டுத் தைச்ச இடம், அது லொஃப்ட். குவீன் வெஸ்டிலை மிட்டாய் செய்த ஃபக்டரி, அதுவும் லொஃப்ட். எப்பவடா விடியும், வெளியிலை ஓடலாமெண்டு நாங்கள் பாத்துக்கொண்டு நிண்ட மாதிரி இடங்களுக்கு இப்ப சனம் மோர்ட்கேஜ் எடுத்துக் குடிபோகுது.

நாங்கள் வேலை செய்த காலத்திலை அங்கை குடியிருக்கச் சட்டம் விடாது, தொழிலுக்கு மட்டும்தான் எண்டு ஒதுக்கின இடம். படம் கீறுற ஆக்கள் களவாய்ப் படுத்தெழும்புவினமாம். தொழிற்சாலையள் ஒண்டொண்டாய் மூடுப்பட்டு, கட்டடங்கள் புறாவுக்கு வீடாய்க் கிடக்கேக்கை, 1996இலை பார்பரா ஹோல் மேயராய் இருந்தவ, கிங்–ஸ்படைனா, கிங்–பார்லிமென்ட் எண்ட ரெண்டு தெருச்சந்திப் பகுதிக்கும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டா. நகரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதின ஜேன் ஜேகப்ஸ் கிழவியும் அதுக்குப் பக்கபலமாய் நிண்டவ. கட்டடத்தை வைச்சுக்கொண்டு வீடோ கடையோ ஒஃபீசோ, விரும்பினதைச் செய்யுங்கோ எண்டதுதான் யோசனை. அடுத்த வருசம்தான் நான் இந்த வீட்டை வாங்கினனான். அவங்கள் அங்கை சுவரில்லாத வீடு விக்கத் தொடங்க, நான் இஞ்சை சுவருக்காகக் கடன் எடுத்திருக்கிறன்.

ஏன் எடுத்தனான் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெலஸ்லி–பார்லிமென்டிலை ஏழு பேர் ஒரு பெட்றூம் அப்பார்ட்மென்டுக்குள்ளை, நீ எழும்பின சூட்டிலை நான் படுத்த மெத்தை, பரியாரியின்ரை குறட்டை, அந்தச் சட்டி விழுந்த இரவு. அப்ப எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. உள்ளை போய்ச் சாத்த ஒரு கதவு.

சாத்த விட்டினமோ? உனக்குத் தெரியும், இந்த வீட்டிலை ஆரார் இருந்தவை எண்டு. வதனியின்ரை தம்பி, அவன் ஸ்பொன்சர் பண்ணினவை, கொழும்பிலையிருந்து வந்த பெடியள், கலியாணம் குழம்பி வந்த மச்சாள், ஆரெண்டே தெரியாமல் ஆரோ சொல்லிவிட்டு வந்த அந்த நெடுந்தீவு ஐயா. பேஸ்மென்டுக்கு நான் இறங்கினால் எனக்கே ஆக்கள், “வாங்கோ, இருங்கோ” எண்டு சொல்லுவினம். குறை சொல்லேல்லை. எங்களையும் ஆரோ அப்பிடி இருத்தினவைதானே. ஆனால் உனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுறன்: லொஃப்டிலை எனக்குப் பிடிச்சது தூணுமில்லை, தீராந்தியுமில்லை. கொண்டுவந்து ஆரையும் விட அங்கை அறை இல்லை. “இடமில்லை” எண்டு நான் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, வீடே சொல்லும்.

இந்த வீட்டுச் சோலியும் அலுத்துப்போச்சு. இந்த மாதம் கொட்டின ஸ்னோவை நீ பாத்திருக்கவேணும். காரடியைத் துப்புரவாக்கி நாரி முறிஞ்சு உள்ளை வர, சிற்றியின்ரை வண்டி வந்து றோட்டைத் தள்ளி என்ரை வாசலிலை ஒரு மதில் கட்டிப்போட்டுப் போகும். பேந்து இன்னொரு வண்டி வந்து அதை அள்ளுமாம். அது வரமுதல் நான் வேலைக்குப் போகவேணும். 2024 ஜூலை மழைக்கு பேஸ்மென்டுக்குள்ளை தண்ணி ஏறி, அது எந்தத் தண்ணி எண்டு நான் எழுதேல்லை, நீ சாப்பிடப் போற நேரமாய் இருக்கும். கூரை ஓடு இன்னும் ரெண்டு மாரிதான் தாங்குமெண்டு போன முறை ஏறினவன் சொன்னவன்.

இனி வதனியின்ரை பக்கம்.

ஏஜென்ட் பொடியன் எங்களை ஒரு லொஃப்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொண்டோ வியாபாரம் படுத்துக்கிடக்குது, இப்பதான் வாங்கிற நேரம் எண்டு வழி முழுக்கப் புளுகிக்கொண்டு வந்தான். நல்ல பொடியன், இஞ்சை பிறந்தது, தமிழ் எப்பன் சறுக்கும். வதனி ஒரு சுத்துச் சுத்திப் பாத்தா. செங்கலைத் தொட்டுப் பாத்தா. பிறகு கேட்டா: “தம்பி, ஒரு செத்தவீடு எண்டால் சனம் எங்கை இருக்கிறது?”

பொடியன் திகைச்சுப்போய், “ஃபியூனரல் ஹோம் இருக்குத்தானே அன்ரி” எண்டான்.

“அது முகம் பாக்கத் தம்பி. பேந்து அந்தியேட்டி மட்டும் வந்து போற சனம்?”

கீழை பார்ட்டி றூம் ஒண்டு இருக்கு, புக் பண்ணலாம் எண்டு அவன் சொன்னான் மச்சான். நான் யன்னல் பக்கம் திரும்பிட்டன், சிரிப்பு அடக்கேலாமல்.

காரிலை வரேக்கை தொடங்கினா. கண்டறியாத லொஃப்ட். மீன் பொரிச்சால் தலையணி மணக்கும். சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினால் மாடியெல்லாம் மணி அடிக்கும். முழங்கால் நோகிற மனுசிக்குப் படுக்கப் படியோ? “சண்டை பிடிச்சால் நான் எங்கை போய் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறது? கக்கூசுக்கையோ?” இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னட்டை இண்டைக்கும் மறுமொழி இல்லை. நாங்கள் நாப்பது வருசம் சேர்ந்து ஓடினதிலை இந்த அறைக் கதவுகளுக்கும் ஒரு பங்கு இருக்குது.

காசுக் கணக்கிலையும் அவதான் வெல்லுறா. வீட்டுக் கடன் முடிஞ்சுது, லொஃப்டுக்குப் போனால் மாதம் மாதம் பராமரிப்புக் காசு, சதுர அடிக்கு ஒரு டொலருக்குச் சொட்டுக் குறைய, சாகுமட்டும். வாங்கேக்கை மாகாணத்துக்கு ஒரு வரி, ரொறன்ரோ சிற்றிக்குத் தனியாய் இன்னொரு வரி. அது 2008இலை வந்தது, ரெண்டையும் கூட்டினால் ஒரு காரின்ரை விலை. மூர்த்தியண்ணை இருக்கிற பழைய கட்டடத்திலை சேமிப்பு நிதி போதாமல் போய், வீட்டுக்கு வீடு பதினையாயிரம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பழைய செங்கலின்ரை இடுக்குச் சாந்தை கன வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கத்தானே வேணும், அந்த வருசம் நீ அங்கை இருந்தால் உன்ரை தலையிலை. இதெல்லாம் பாக்கத்தான் ஸ்டேற்றஸ் சேட்டிபிக்கற் எண்டு ஒண்டு இருக்கு. நூறு டொலர் கட்டினால் பத்து நாளுக்குள்ளை கட்டடக்காரர் தரவேணும். நிதி எவ்வளவு, வழக்கு ஏதும் இருக்கோ, எல்லாம் அதுக்குள்ளை. நான் ஒண்டுக்குக் காசு கட்டியிருக்கிறன், வதனிக்குத் தெரியாது.

தெரிஞ்சாலும் என்ன? உங்கை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலை மனுசி தன்ரை சீதனக் காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ரை சம்மதம் வேணும். ஒன்ராறியோச் சட்டத்திலை வீடு ஆற்றை பேரிலை இருந்தாலும் சரி, குடியிருக்கிற வீடெண்டால் மனுசியின்ரை சம்மதம் இல்லாமல் நான் கதவுப்பிடியையும் விக்கேலாது. சட்டம் படிச்ச ஆக்கள் எங்களை நல்லாய் மடக்கி வைச்சிருக்கினம்.

அவவுக்கு வேறை ஒரு திட்டமும் இருக்கு. 2022இலையிருந்து ரொறன்ரோவிலை பின்வளவுக்குள்ளை தனியாய் ஒரு சின்ன வீடு கட்ட விடுறாங்கள். அடுத்த வருசம் ஒரு காணியிலை நாலு குடும்பம் வரைக்கும் இருக்கலாமெண்டும் வந்திட்டுது. மூத்தவளுக்குப் பின்னாலை ஒண்டு கட்டிக் குடுக்கலாமாம். அதாவது தாயின்ரை வளவுக்குள்ளை மகளுக்கு வீடு. முப்பத்தைஞ்சு வருசம் பனியுக்கை நிண்டும் யாழ்ப்பாணம் விட்டுதோ பார். மூத்தவளைக் கேட்டன். “அப்பா, ப்ளீஸ்” எண்டு மட்டும் சொன்னாள்.

இதுவரைக்கும் பகிடிதான். போன கிழமை ஒரு இரவு நான் திரும்பவும் கதையைத் தொடங்கினன். ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு பெரிய வீடு, மேலை மூண்டு அறை, கீழை ரெண்டு அறை எண்டு. வதனி லைற்றை நூத்துப்போட்டுச் சொன்னா: “எப்பவும் ரெண்டு பேராய் இருக்கப்போறமோ? நான் தனிச்சால் இஞ்சைதான் இருப்பன், ஆராவது வருவினம். நீங்கள் தனிச்சால் அங்கை போய் இருங்கோ.”

கோவமாய்ச் சொல்லேல்லை. பால் வாங்கவேணும் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா. சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பினவ, குறட்டையும் விட்டா. எனக்கு நித்திரை இல்லை.

அவ முந்தியே கணக்குப் பாத்து முடிச்சிட்டா மச்சான். நான் வீட்டைத் தேட, அவ மிஞ்சிற ஆளுக்கு இடம் பாத்திருக்கிறா. ஆக்கள் வந்து போற வீட்டிலை தன்னாலை தனிச்சிருக்க ஏலுமெண்டு அவவுக்குத் தெரியும். எனக்கு அப்பிடி ஏலாதெண்டும் தெரியும் போலை. நான் தனிச்சால் வாற சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பனோ, கதவைத் திறப்பனோ? பேஸ்மென்டிலை இருந்தவையின்ரை பேரெல்லாம் அவவுக்குத்தான் ஞாபகம். எனக்கு அவை கட்டாமல் போன ரெலிபோன் பில்தான் ஞாபகம்.

இதை உன்னட்டைத்தான் கேக்கலாம், மற்றவை ஆறுதல் சொல்லப் பாப்பினம். தேவி போனபிறகு அந்தப் பெரிய வீட்டிலை நீ எத்தினை அறை திறக்கிறாய்? மகன் லண்டனுக்குக் கூப்பிட்டும் நீ போகேல்லை. வீட்டை விடேலாமலோ, இல்லை, லண்டனிலை உனக்கெண்டு ஒரு அறைதான் எண்டதாலையோ? சனம் வாறது உனக்கு உதவுதோ, அரியண்டமோ? ஒரே மண்டபமாய் இருந்திருந்தால் லேசாய் இருந்திருக்குமோ? கேக்கக் கூடாததெண்டால் கிழிச்சு எறிஞ்சுபோட்டு மரவள்ளியைப் பற்றி எழுது, நான் குறை நினைக்கமாட்டன்.

சேட்டிபிக்கற் வாற கிழமை லோயரிட்டை வரும். அவர் பாத்துச் சொல்லுமட்டும் நான் ஒண்டிலும் கை வைக்கமாட்டன், வைக்கவும் ஏலாது. ஏஜென்ட் பொடியன் சும்மா இருக்காமல், பேஸ்மென்ட் இல்லாத, படியில்லாத, ரெண்டு கதவுள்ள லொஃப்ட் ஒண்டு லிபேட்டி விலேஜ் பக்கம் இருக்கெண்டு படம் அனுப்பியிருக்கிறான். வதனிக்கும் அனுப்பியிருக்கிறான், விசரன். அவ பாத்துப்போட்டு, “அலுமாரி எங்கை?” எண்டு மட்டும் கேட்டா. அது நல்ல சகுனமோ கெட்ட சகுனமோ தெரியேல்லை.

மூர்த்தியண்ணை சித்திரைக்கு அங்கை வாறார். அவரிட்டை ஒடியல்மாவும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் குடுத்துவிடு. கறுத்தக்கொழும்பான் வேண்டாம், போன முறை பெட்டிக்குள்ளை அழுகி மனுசன்ரை வேட்டியெல்லாம் மஞ்சள். பங்குனி முடியமுதல் பதில் போடு. வதனி உனக்கு எடுத்தால் இதைப் பற்றி வாய் திறக்காதை, முழங்காலைப் பற்றிக் கதை, அரை மணித்தியாலம் போகும்.

அன்புடன்,
ரவி