ஒரு கதைக்கு ஒரு பொய்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை, அலைச்சல் என்று எதையாவது காரணம் சொல்லலாம். உன்னிடம் அது செல்லாது. உண்மையான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இப்போதாவது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் மாடிப்படியில் கால் வழுக்கிக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டதுதான். பதறாதே, கட்டுப் போட்டாயிற்று. ஆறு வாரம் படுக்கை. உன் தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதே. மூன்றாவது நாற்காலிக்கு இத்தனை வருடம் கழித்து நியாயம் கிடைத்துவிட்டது என்று சிரிப்பான்.

படுத்தபடியே என்ன செய்வது? நீ வருடக்கணக்கில் பார், பார் என்று நச்சரித்த விண்வெளித் தொடர்களையெல்லாம் வரிசையாகப் பார்த்து முடித்தேன். பார்த்த நேரமெல்லாம் உன் அப்பா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டே, "ஒரு கதைக்கு ஒரு பொய்தான் அனுமதி; இரண்டாவது பொய்க்கு எழுந்துவிடுவேன்" என்பாரே, அந்தக் குரல். பெரும்பாலான தொடர்களுக்கு அவர் பெயர்ப் பட்டியல் ஓடி முடிவதற்குள் எழுந்திருப்பார். காற்றே இல்லாத இடத்தில் கப்பல் உறுமிக்கொண்டு போகிறது, லேசர்க் கதிர் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவனுக்குப் பச்சைக் கோடாகத் தெரிகிறது, எந்தத் திசையிலிருந்தோ வந்து சந்திக்கும் இரண்டு கப்பல்களுக்கும் 'மேலே' என்பது ஒரே பக்கமாக இருக்கிறது. இவற்றைப் பற்றி நாம் பள்ளி நாட்களிலேயே சண்டை போட்டு ஓய்ந்துவிட்டோம் என்பதால் விட்டுவிடுகிறேன். குறுங்கோள் பட்டையை மட்டும் விட மனமில்லை. பாறைக்குப் பாறை இடித்துக்கொண்டு உருளும் அந்த இடத்தில் கப்பலை வளைத்து வளைத்து ஓட்டும் காட்சி எல்லாத் தொடரிலும் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. உண்மையில் ஒரு குறுங்கோளுக்கும் அடுத்ததற்கும் சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் இடைவெளி. 1972-இல் புறப்பட்ட பயனியர் 10 விண்கலம் அந்தப் பட்டையை முதன்முதலாகக் கடந்தபோது அதற்குச் சேதம் என்று சொல்லும்படி எதுவும் நேரவில்லை. அங்கே ஒரு பாறையில் மோத வேண்டுமென்றால், அதற்கே தனியாகத் திட்டம் போட்டுத் தேடிப் போக வேண்டும்.

ஆனாலும் இவற்றில் பலவற்றை என்னால் மன்னிக்க முடிகிறது என்பதுதான் இந்தப் படுக்கையில் நான் கண்டுகொண்ட புதிய செய்தி. 1966-இல் ஸ்டார் டிரெக் தொடங்கியபோது, வாரம் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டுவதற்குப் பணம் கட்டுப்படியாகாது என்பதால்தான், ஆட்களை ஒளித்துகளாக்கிக் கீழே அனுப்பும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். அது விஞ்ஞானியின் கற்பனையே அல்ல, தயாரிப்பாளரின் சிக்கனம். ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாதே என்று இயற்பியல் படித்தவர்கள் பிடித்துக்கொண்டபோது, அந்த விதியைச் சொன்னவர் பெயரிலேயே 'ஹைசன்பர்க் ஈடுசெய்கருவி' என்று ஒன்றைப் பின்னாளில் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, அந்தத் தொடர்களின் வரைகலைஞர் மைக்கேல் ஒகுடா, "மிக நன்றாக வேலை செய்கிறது, நன்றி" என்றாராம். இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லும் பொய்க்கு அப்பாகூட எழுந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

செயற்கை ஈர்ப்பும் அதே சாதிதான். நடிகர்களைக் கயிற்றில் தொங்கவிட்டு வாரா வாரம் படம் பிடிக்க முடியாது. ஆகவே எல்லோரும் தரையில் நடக்கிறார்கள். சரி, நடக்கட்டும். ஆனால் கப்பலில் காற்று நிற்கிறது, விளக்கு அணைகிறது, இயந்திரம் வெடிக்கிறது, கதவு திறக்க மறுக்கிறது. ஈர்ப்பு மட்டும் ஒருநாளும் பழுதாவதில்லை! அத்தனை கருவிகளிலும் நம்பகமானது அதுதான் என்றால், அதைச் செய்தவனையே மற்றவற்றையும் செய்யச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அதே கப்பலில் குண்டு வெளிச்சுவரில் விழுந்தால் உள்ளே கட்டுப்பாட்டு மேசை பொறி பறக்க வெடித்து, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவன் தூக்கி எறியப்படுகிறான். ஒளியை முந்தும் இயந்திரம் செய்யத் தெரிந்த நாகரிகத்துக்கு ஒரு ஃபியூஸ் கட்டை போடத் தெரியவில்லை. நாற்காலிக்கு ஒரு வார் கட்டவும் தெரியவில்லை. (நாற்காலி என்றதும் நீ சிரிப்பது கேட்கிறது.)

இந்த விஷயத்தில் இரண்டு தொடர்கள் என் மரியாதையைப் பெற்றன. பாபிலோன் 5-இல் நிலையமே உருளையாகச் சுழல்கிறது. சுழற்சிதான் ஆட்களைத் தரையோடு அழுத்துகிறது. அதன் சிறு போர்க்கலங்கள், இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போன வேகத்திலேயே மிதந்தபடி முகத்தை மட்டும் பின்னால் திருப்பிச் சுடுகின்றன. விமானம்போல வட்டம் அடிப்பதில்லை. 2015-இல் தொடங்கிய தி எக்ஸ்பான்ஸில் கப்பலின் தளங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக, இயந்திரம் அடியில் இருக்க அமைந்திருக்கின்றன. இயந்திரம் உந்தும்போது கால் தரையில் பதிகிறது, நிறுத்தினால் மிதக்கிறார்கள். பாதி வழியில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி மீதிப் பாதி முழுவதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். எரிபொருள் ஏறக்குறைய தீர்வதே இல்லை என்பது ஒன்றுதான் அங்கே பொய். அப்பாவின் சட்டத்துக்கு அப்படியே உட்பட்டது. பின்னால் நீலமாக மினுங்கும் வேற்றுலகப் பொருளாக இன்னொரு பொய்யும் வருகிறது. அதை அவரிடம் நீயாகச் சொல்ல வேண்டாம்.

மன்னிக்க முடியாதது எது என்கிறாயா? கதாபாத்திரத்துக்கு முடிவெடுக்க எதுவுமே மிச்சம் வைக்காத பொய். ஸ்டார் டிரெக்கின் இரண்டாவது தலைமுறைத் தொடரில் எழுத்தாளர்கள் வசனத்தின் நடுவே 'டெக்' என்று மட்டும் எழுதி இடம்விட்டுவிடுவார்களாம். அறிவியல் ஆலோசகர்கள் பிறகு அதில் வாயில் நுழையாத சொற்களை நிரப்புவார்களாம். கப்பல் வெடிக்கப்போகிறது, ஒருவர் 'டெக்' செய்யலாமா என்கிறார், இன்னொருவர் 'டெக்' தடுக்குமே என்கிறார், மூன்றாமவர் துருவத்தை மாற்றிப் போட்டு 'டெக்' செய்துவிடுகிறார். கடிகாரம் கடைசி நொடியில் நிற்கிறது. நான் பயப்படவும் இல்லை, நிம்மதி அடையவும் இல்லை. எது முடியும், எது முடியாது என்று எனக்குச் சொல்லப்படாதபோது நான் எதற்குப் பயப்படுவது?

அப்பல்லோ 13-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார். 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின் மூன்று பேரும், இரண்டு பேருக்காகச் செய்த நிலாக் கலத்தில் ஒண்டிக்கொண்டார்கள். அவர்கள் விட்ட மூச்சே அவர்களைக் கொல்லப் பார்த்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க் கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுரம், நிலாக் கலத்தின் துளையோ வட்டம். கீழே இருந்த பொறியாளர்கள், கலத்துக்குள் இருக்கும் பொருள்களை மட்டுமே வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுநாடா என்று ஒட்டிப் பார்த்து, செய்முறையை வானொலியில் வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். மேலே இருந்தவர்கள் அதைச் செய்து பொருத்தினார்கள், வாயுவின் அளவு இறங்கியது. சதுரம், வட்டம் என்ற இரண்டே சொற்களில் சிக்கல் முழுவதும் ஒரு குழந்தைக்கும் விளங்கிவிடுகிறது. துருவத்தை மாற்றிப் போடுகிறவர்களிடம் இருந்து எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

தொடர்களில் மின்சாரம் நின்ற இரண்டாம் நிமிடத்தில் எல்லோருக்கும் பல் கிட்டிப் போகிறதே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பல்லோவும் குளிர்ந்தது, ஆனால் நாள்கணக்கில். வெற்றிடம் பிளாஸ்கின் சுவரைப் போன்றது. வெப்பத்தைச் சட்டென்று போகவிடாது. உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ளுவதற்காகவே சர்வதேச விண்வெளி நிலையம் அம்மோனியா ஓடும் பெரிய வெண்பலகைகளை விரித்துவைத்திருக்கிறது. நகரம் அளவுக்கு மின்சாரம் தின்னும் தொடர்க் கப்பல்களில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்த நினைவில்லை. உள்ளே இருப்பவர்கள் உறைவதற்கு வெகுமுன்பே வெந்துபோவார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்த பொய் வேறு. அது சத்தமே போடாத பொய். தளபதி திரையைப் பார்த்து, "தலைமையகத்தைக் கூப்பிடு" என்கிறார். எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அடுத்த நொடியே முகம் தெரிகிறது. தூரம் என்ற ஒன்றே அத்தோடு செத்துப்போகிறது. சூரியனுக்கு அடுத்து மிக அருகில் இருக்கும் விண்மீனுக்கே ஒளி போய்ச் சேர 4 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்து வீடான செவ்வாயோடு பேசவே ஒரு சொல் போய்ச் சேர ஏறத்தாழ 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி அங்கே இறங்கிய இரவை நினைத்துப்பார். வளிமண்டலத்தில் நுழைந்து தரையைத் தொட ஏழு நிமிடம். செய்தி பூமிக்கு வர ஏறத்தாழ 14 நிமிடம். 'நுழைந்துவிட்டது' என்ற தகவல் திரையில் தெரிந்தபோது ஊர்தி ஏற்கெனவே தரையில் இருந்தது, முழுசாகவோ நொறுங்கியோ. அறை நிறைய உட்கார்ந்திருந்தவர்கள், முடிந்துபோன ஒன்று நல்லபடியாக முடிந்திருக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எந்தத் தொடரிலும் இதைவிட நல்ல காட்சியை நான் பார்க்கவில்லை. அதை எடுக்க ஒரு வெடியும் தேவையில்லை.

வாயேஜர் 1 விண்கலத்தின் கதை இன்னும் ஒரு படி மேல். 1977-இல் கிளம்பிய அந்தக் கிழம் 2023 நவம்பரில் திடீரென்று பொருளில்லாமல் உளற ஆரம்பித்தது. நினைவகத்தில் ஒரு சில்லு பழுது. அந்தச் சில்லில் இருந்த நிரலை முழுதாக வைக்க வேறெங்கும் ஒரே இடத்தில் இடமில்லாததால், அதைத் துண்டு துண்டாக்கி இடுக்குகளில் செருகினார்கள். ஒவ்வொரு கட்டளையும் போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர மறுபடி அவ்வளவு. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி, எழுந்து, மறுபடி தூங்கி, பிறகு வந்து பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் அது மீண்டும் தெளிவாகப் பேசியது.

இனி, பின்னால் சொல்கிறேன் என்ற காரணம். அப்பாவுக்குப் பெயர்கள் மறக்கின்றன, சில நாள் உன்னையே தம்பி என்று நினைத்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மேசைமேலேயே வைத்திருந்தேன். உடனே எதையாவது எழுதினால் பொய்யாகத் தோன்றும் என்று நாளைக் கடத்தினேன். ஒரு மாதம் ஆனதும் வெட்கமாகிவிட்டது, அதற்கப்புறம் வெட்கமே வழக்கமாகிவிட்டது. தொடர்களில் எவ்வளவு பெரிய அடியும் அடுத்த வாரம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. மறு ஒளிபரப்பில் நிலையங்கள் எந்த வரிசையில் போட்டாலும் புரிய வேண்டும் என்று பழைய தயாரிப்பாளர்கள் அப்படி வைத்தார்களாம். அந்தப் பொய்யை முன்பெல்லாம் கேலி செய்வேன். இந்தமுறை இரண்டு அத்தியாயத்துக்கு நடுவே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மன்னித்துவிடு.

ஓர் உதவி செய். ஈர்ப்பு பற்றிய பகுதியை மட்டும், அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், அவருக்குப் படித்துக் காட்டு. பிறகு செய்தித்தாளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துவிட்டு இதைக் கேள்: ஒரு சக்கர நிலையம் நிமிடத்துக்கு இரண்டு முறை சுழல்கிறது, அதைவிட வேகமாகச் சுற்றினால் உள்ளே இருப்பவர்களில் சிலருக்குக் குமட்டலாம். அதன் விளிம்பில் நிற்பவனுக்கு பூமியில் நிற்பதுபோலவே இருக்க வேண்டுமென்றால் சக்கரத்தின் ஆரம் எவ்வளவு? எனக்கு 224 மீட்டர் வந்தது. நீ விடையைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
கால் முறிந்தவன்