அந்த ஐந்தாவது எபிசோடை விட்டுவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி' என்ற, ஒரு பைக் க்ளப்பைச் சுற்றி நடக்கும் அமெரிக்கத் தொடரைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். முதல் சீசன் பாதி வரை இழுவை, பைக் ரவுடிகளை ஹீரோவாக்கும் தொடர், நேரம் இல்லாதவர்கள் இரண்டாவது சீசனிலிருந்தே பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் மூன்று எபிசோடோடு நிறுத்தியவள்தான். துப்பாக்கிக் கடத்தல், கிடங்குக்கு வைத்த தீ, மாயன்ஸ் கும்பலோடு பகை என்று எல்லாம் ஏற்கெனவே பார்த்த கதை மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். 2008 அக்டோபர் 1 அன்று ஒளிபரப்பான ஐந்தாவது எபிசோட், பெயர் 'கிவிங் பேக்'. அதைப் பார்த்து முடித்தபோது இந்தத் தொடரைப் பற்றி நான் நினைத்திருந்தது எல்லாமே மாறிவிட்டது. (இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

சார்மிங் என்ற அந்தச் சின்ன கலிஃபோர்னியா ஊரில் பள்ளிக்கூடத்துக்காக நிதி திரட்டும் விழா. க்ளப்பின் துணைத் தலைவன் ஜாக்ஸின் அம்மா ஜெம்மாதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிறாள். அங்கே தன் மகன் இசைக்கருவி வாசிப்பதைப் பார்க்க கைல் வருகிறான். முன்பு க்ளப்பில் இருந்தவன், ஆபத்து நேரத்தில் ஜாக்ஸின் நண்பன் ஓப்பியை விட்டுவிட்டு ஓடியவன். அதனால் ஓப்பிக்கு ஐந்து வருடம் சிறை, அவன் மனைவி டானா பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறாள். கைல் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் க்ளப்பை விட்டுத் துரத்தப்பட்ட பிறகும் முதுகு நிறையக் குத்தியிருந்த க்ளப் சின்னத்தை அவன் எடுக்கவில்லை என்று தெரிந்ததும், அதை எதனால் அழிப்பது, நெருப்பா கத்தியா என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அவன் நெருப்பு என்கிறான். அந்தக் காட்சியை என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை. 'பேக்' என்றால் முதுகு என்றும் அர்த்தம் உண்டே என்பது அப்போதுதான் உறைத்தது.

சார், இதில் யார் ஹீரோ? க்ளப் எப்படி வழிதவறிப் போனது என்று இறந்துபோன அப்பா எழுதி வைத்த பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கிற ஜாக்ஸும் அதே அறையில்தான் நிற்கிறான். பகலில் பிள்ளைகளுக்காகக் காசு சேர்த்த அதே ஆட்கள்தான் அங்கேயும் நிற்கிறார்கள். இரண்டையும் ஒரே எபிசோடில் வைத்துவிட்டு, தொடரை உருவாக்கிய கர்ட் சட்டர் நம்மிடம் எதையும் விளக்குவதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

இது சும்மா பயமுறுத்த எழுதிய காட்சியும் இல்லை. இந்த மாதிரியான நிஜ பைக் க்ளப்புகள் பலவற்றிலும் வெளியேற்றப்பட்டவர் அந்தச் சின்னத்தை உடம்பில் வைத்திருக்கக் கூடாது, தோல் மேல்சட்டையில் தைத்திருக்கும் க்ளப் சின்னமான பேட்ச் அவருடைய சொத்து கிடையாது, க்ளப்புடையது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற நிஜ பைக் க்ளப்பில் உறுப்பினராக இருந்த டேவிட் லப்ராவாதான் தொடருக்குத் தொழில்நுட்ப ஆலோசகர், தொடரில் ஹாப்பி என்ற பாத்திரத்தில் நடித்திருப்பவரும் அவரேதான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வரிசையாக பைக்குகள் கிளம்பும்போது கேமரா அவர்களை ரசிக்கத்தான் செய்கிறது, நாமும் ரசிக்கிறோம், ஜாக்ஸாக நடிக்கும் சார்லி ஹன்னமைப் பார்க்கவே உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ரசித்துவிட்டு வந்த பிறகு இந்த எபிசோடைப் பார்த்தால்தான் அது வலிக்கும். இதை விட்டுவிட்டு இரண்டாவது சீசனுக்குப் போகிறவருக்கு ஓப்பி ஏன் அப்படி இருக்கிறான் என்பதே புரியாது.

அடுத்த இதழில் ஒரு வரி போதும், முதல் சீசனைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம் என்று தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
திருச்சி