கடலின் நுண்ணுயிர்களையும் கவனிப்போம்

ஆசிரியருக்கு,

புவி வெப்பமாதல் என்றதும் காடுகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்வது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களான தாவர பிளாங்க்டன்கள். அவை உறிஞ்சும் கார்பனில் ஒரு பங்கு ஆழ்கடலுக்கு இறங்கி, நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்குகிறது.

மேல்நீர் சூடானால் லேசாகிவிடும். கீழேயுள்ள குளிர்ந்த நீரோடு கலப்பது குறையும். நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் போதுமான அளவு மேலே வராது. அப்புறம், கனத்த சிலிக்கா ஓடுடைய டயாட்டம்கள் என்ற பிளாங்க்டன் வகையின் இடத்தில் எளிதில் மூழ்காத சின்னஞ்சிறு செல்கள் பெருகும். கார்பனும் மேலடுக்கிலேயே சுற்றி, மறுபடி காற்றுக்குத் திரும்பும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

2024 பிப்ரவரியில் நாசா ஏவிய ‘பேஸ்’ செயற்கைக்கோள், கடலின் நிறத்தைக் கொண்டே பிளாங்க்டன் வகைகளைப் பிரித்தறிய உதவுகிறது. அதன் தரவுகள் சொல்வதையும் உங்கள் அறிவியல் பக்கத்தில் தொடர்ந்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர்